செவ்வாய்க்கிழமையும் வீட்டில் இருந்தவர்

எங்கள் ஊரில் "அவரு மலையாளத்துல இருக்காரு" என்று சொன்னால் யாரும் மொழியை நினைக்க மாட்டார்கள். புளியறை தாண்டி, கோட்டைவாசல் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஏதோ ஒரு கடையிலோ ரப்பர் தோட்டத்திலோ வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். செங்கோட்டையில் எங்கள் தெருவில் மட்டும் அப்படி ஐந்து வீடுகள் உண்டு. எங்கள் வீட்டுக்காரர் புனலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். 2003-இல் எனக்குக் கல்யாணம் ஆகும்போதே அங்கேதான் இருந்தார். திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பினால் சனிக்கிழமை ராத்திரி வருவார். முதலில் மீட்டர்கேஜ் ரயில். 2010-இல் அகலப்பாதை போடுவதற்காக அதை நிறுத்தினார்கள், எட்டு வருஷம் பஸ். 2018-இல் மறுபடி ரயில். வண்டி மாறியதே தவிர கிழமை மாறவில்லை.

ஆக, என் பிள்ளைகள் வளர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு. சனி ராத்திரி பையைத் திறந்தால் நேந்திரங்காய் சிப்ஸ் இருக்கும். ஞாயிறு காலையில் கறி எடுப்பார். யாரையும் திட்ட மாட்டார், மார்க் அட்டையில் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். நானும் அன்றைக்குக் கொஞ்சம் ஞாயிற்றுக்கிழமைப் பெண்டாட்டிதான். நைட்டியை மாற்றிச் சேலை கட்டியிருப்பேன். வாரம் முழுவதும் சேர்த்து வைத்த புகார்களில் பாதி அவர் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோகும், மீதியை நானே விட்டுவிடுவேன். கிடைப்பது ஒரு நாள், அதில் எதற்குச் சண்டை?

செவ்வாய்க்கிழமை எங்களுடையது. அத்தைக்கும் எனக்கும் அன்றைக்கு எண்ணெய்க் குளி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பழைய நைட்டியில், பின்வாசல் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவோம். அடுத்த வீட்டு மதினி மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். ஊர்க்கதை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான். பிறகு சீயக்காய் தேய்த்துக் குளித்து, ஒரு துவையலும் மோரும் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவோம். ராத்திரிக்கு அடுப்பே பற்ற வைக்காத செவ்வாய்க்கிழமைகள்கூட உண்டு. இதெல்லாம் அவருக்குத் தெரியாது. மறைத்தோம் என்று இல்லை, சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது.

2020 மார்ச் 21 சனிக்கிழமை ராத்திரி வழக்கம்போல வந்தார். மறுநாள் ஞாயிறு மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் கை தட்டினார்கள், சின்னவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். திங்கட்கிழமை ரயில் இல்லை. புளியறையில் சரக்கு வண்டியைத் தவிர எதையும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து 21 நாள் என்றார். அத்தை பாக்கு வெட்டியைக் கீழே வைத்தார்.

"செவ்வாயோ வெறுவாயோம்பாங்க. இன்னைக்குப் போய் ஆரம்பிக்கான். இது இழுத்துக்கிட்டுத்தான் போவும், பாரு."

அத்தை சொன்னதில் பலித்தது அது ஒன்றுதான். ஆனால் நன்றாகப் பலித்தது.

முதல் வாரம் ஞாயிற்றுக்கிழமை போலவே போயிற்று. சிரித்துக்கொண்டே இருந்தோம். இரண்டாவது வாரம் அவர் பீரோவைத் திறந்தார்.

கடைக்காரர் துணி மடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் மடிப்பது போல மடியில் போட்டு மடிக்க மாட்டார்கள். இரண்டு முனையையும் பிடித்து ஒரு உதறு உதறினால் சேலை காற்றில் ஒரு கணம் பலகை மாதிரி நிற்கும், அது விழுவதற்குள் பாதி மடிப்பு முடிந்திருக்கும். முந்தி வெளியே தெரிய வேண்டும், பார்டர் ஒரே கோட்டில் வர வேண்டும். அந்த வேலையை அவர் எங்கள் வீட்டுத் துண்டிலிருந்து ஆரம்பித்தார். தலையணை உறை, பையனின் யூனிஃபார்ம், அத்தையின் பழைய வெள்ளைச் சேலை, கைப்பிடித் துணி. கைக்கு அப்படி ஒரு பசி. பிறகு என் சேலைகள். மத்தியானம் வந்து பார்த்தால் பீரோ கடை அலமாரி ஆகியிருந்தது. கீழ்த்தட்டில் 300 ரூபாய்ச் சேலை, அதற்கு மேல் 500, 700, உச்சியில் பட்டு. விலைவாரியாக! என் உள்பாவாடைகள் எங்கே போயின என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அதோடு விட்டாரா? ஒரு சேலையை எடுத்து ஓரத்தை இரண்டு விரலால் நீவினார். "இது நம்ம கடைச் சரக்கு இல்லையே. எவ்வளவு குடுத்த?"

தென்காசியில் சீட்டுக் காசில் எடுத்தது. 850. சொன்னேன்.

"இதுக்கா? 450-க்கு மேல குடுக்கக் கூடாது. சாயம் வேற போவும்."

சாயம் போய் நாலு மாசம் ஆகியிருந்தது. அதை நான் சொல்லவில்லை. பதினேழு வருஷத்தில் எங்கள் முதல் கிழமைநாள் சண்டை அதுதான். நன்றாகவே போட்டோம். மதில் பக்கம் வந்த மதினி அப்படியே திரும்பிப் போனாள்.

சின்னவள் அப்போது ஆறாவது. ஒரு நாள் அவர் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "அப்பா, நீங்க எப்பப்பா ஊருக்குப் போய்ட்டு வருவீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியது சிப்ஸ். அவருக்குக் கேட்டது வேறு. அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் ஆனால் வீட்டுக்குள் இரண்டு மாநிலம். ஆறு மணிக்கு அவர் போனில் பினராயி விஜயன் பேசுவார், இங்கே டிவியில் அத்தைக்கு நம் அன்றைய சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் சொல்லும் கணக்கு வேண்டும். "அங்க எத்தனை? இங்க எத்தனை?" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரிப்பார் அத்தை. ஏப்ரலில் கேரளத்தில் எண்ணிக்கை இறங்க, இங்கே ஏறிக்கொண்டே போனது. எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு பெருமை தெரியும், ஏதோ அவரே போய் இறக்கி வைத்த மாதிரி. அத்தைக்கு அது பொறுக்காது. ஆனால் ஒரு நாள் அவரே விட்டுக்கொடுத்தார். "எட்டு வயசு வரைக்கும் நானும் அந்தப் பக்கத்துக்காரிதானல." செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அத்தை பிறந்தது 1948. வீட்டை விட்டு நகராமலே மாநிலம் மாறியவர் அவர். அந்த எல்லையை ஒவ்வொரு வாரமும் இரண்டு தடவை தாண்டிய மகன் இப்போது திண்ணையைத் தாண்டவில்லை.

ஏப்ரலில் ரேஷனில் ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். டோக்கனை எடுத்துக்கொண்டு நான்தான் போகிறேன் என்று அவரே கிளம்பினார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "கடை எங்க இருக்கு?" என்று கேட்டார். எங்கள் ரேஷன் கடை இடம் மாறி நாலு வருஷம் ஆகியிருந்தது. சித்திரை விசுவுக்குக் கனி வைத்தோம். கொன்றைப்பூவும் கண்ணாடியும் இருந்தன, பழம் மட்டும் ஒரே ஒரு மாம்பழம், இரண்டு வாழைப்பழம். அன்றைக்கும் செவ்வாய்க்கிழமை. கனி பார்த்த கண்ணோடு டிவியைப் பார்த்தால் ஊரடங்கு மே 3 வரை என்றார்கள்.

மே மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், மூன்றாம் நாள் விட்டுவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று ஏது? தும்மினாலே தெரு திரும்பிப் பார்த்த காலம். நானாகவே பாயை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அத்தைக்கு முழங்கால் வலி, அடுப்படியில் பத்து நிமிஷம் நிற்க முடியாது. பிள்ளைகள் என்ன சாப்பிடப் போகிறார்களோ என்று படுத்திருந்தேன்.

முதலில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அதில் தடுமாற்றம் இல்லை, ஒரே சீராக வந்தது. அப்புறம் எண்ணெய் காயும் வாசம், நல்லெண்ணெய் இல்லை, தேங்காய் எண்ணெய். கடுகு வெடித்தது. வெடித்து அடங்குகிற நேரம் பார்த்துக் கறிவேப்பிலை விழுந்தது, அது அடங்குமுன் வெங்காயம். எனக்குக் காய்ச்சலிலும் தலை தூக்கிற்று. புதுக் கை இப்படித் தாளிக்காது. புதுக் கை கடுகு வெடித்ததும் பயந்து நிற்கும், இல்லையென்றால் கருக விடும். இது வருஷக்கணக்கில் பழகிய கை.

கதவுக்கு வெளியே ஸ்டூலில் கஞ்சி வந்தது. சம்பா அரிசிக் கஞ்சி, பக்கத்தில் சிறுபயறு, காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்து நசுக்கிய துவையல். மறுநாள் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்துத் தேங்காய் அரைத்துப் போட்டுக் கிளறியது. நாக்கு கசந்து கிடந்தும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். கோபம் வேறு பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

பதினேழு வருஷம்! திங்கள் முதல் வெள்ளி வரை அந்த மனுஷன் புனலூரில் கடை மாடி அறையில் இன்னும் இரண்டு பேரோடு சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். முறை வைத்துச் சமைப்பார்களாம். மீன் குழம்புக்கு இவர்தான் ஆளாம். "மெஸ்ஸுல சாப்பிடுறேன்" என்று ஆரம்பத்தில் என்றைக்கோ சொன்னதை நான் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குடிக்கத் தண்ணீர்கூட உட்கார்ந்த இடத்துக்கு வரும். வாரம் ஒரு நாள் வருகிற மனுஷன், பாவம், ஹோட்டல் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போய் வருகிறார் என்று மூன்று வகைக் கறி வைத்த ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்த்தேன். வருஷத்துக்கு ஐம்பது என்று வைத்தாலும் எண்ணூறுக்கு மேல் வருகிறது.

காய்ச்சல் விட்டதும் கேட்டேன். "ஏங்க, ஒரு நாளாவது இங்க அடுப்புப் பக்கம் வந்திருக்கலாம்ல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது ரூம்ல. வீட்டுல அம்மா இருக்கா, எப்படி நிக்க?" என்றார்.

அத்தைக்கு அது நிஜமாகவே பெரிய அடி. மகன் கரண்டி பிடித்ததைக் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டு மூன்று நாளும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். நாலாம் நாள் என்னிடம் வந்து, "உப்புக் கொஞ்சம் தூக்கலா போடுதான்" என்றார். அந்த வீட்டில் அதற்கு அனுமதி என்று பெயர். அதிலிருந்து ராத்திரிச் சமையல் அவருடையது. நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். பாத்திரம் தேய்த்தது நான்தான். அவர் சமைத்தால் எட்டுப் பாத்திரம் விழும்.

பெரியவன் பத்தாம் வகுப்பு. மார்ச் 27 தொடங்க வேண்டிய பரீட்சை தள்ளிப் போனது. ஜூன் 1 என்றார்கள், அப்புறம் ஜூன் 15 என்றார்கள். அவனும் புத்தகத்தைத் திறப்பான், மூடுவான். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் என் நாத்தனார் மகளும் அதே வகுப்புதான். அவளுக்கு மே 26, 27, 28-இல் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று மாஸ்க் போட்டு உட்கார வைத்து மீதிப் பரீட்சையை முடித்துவிட்டார்கள். இவனுக்கு ஜூன் 9-ஆம் தேதி முதலமைச்சர் பரீட்சையே இல்லை, எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார். தெருவில் வெடி போட்டார்கள். இவனும் வெளியே ஓடினான். ஓடின வேகத்தில் திரும்பி வந்தான். காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அரையாண்டில் கணக்கில் அவன் எடுத்தது 41. அந்த அட்டையில் அப்பா பார்க்காமலே கையெழுத்துப் போட்ட ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

இப்போது எடுத்துப் பார்த்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று மூன்று பேரும் நின்றோம். "இது நான் போட்ட கையெழுத்துதானே" என்றார், அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. ஏப்ரலில் முதலாளி பாதிச் சம்பளம் போட்டார், அப்புறம் இல்லை. என் வளையல் இரண்டும் அடகுக்குப் போயின. ஜூலை, ஆகஸ்டில் ஞாயிறுதோறும் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு என்று ஆனபோது கறியைச் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டியிருந்தது. அப்படி வாங்கியதும் இரண்டு தடவைதான். ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே எங்கள் வீட்டிலிருந்து கழன்று போயிருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, குளிக்க ஆள் இல்லை. சாரல் காற்று மட்டும் வாசல் வரை வந்து போகும்.

ஆகஸ்டு தொடக்கத்தில் முதலாளி கூப்பிட்டார். 31-ஆம் தேதி திருவோணம். வருஷ வியாபாரமே ஓணக்கோடியில், அந்த ஓணத்துப் புதுத்துணியில்தான். அங்கே போனால் 14 நாள் தனிமை, அதைக் கழித்துக் கணக்குப் போட்டால் 12-ஆம் தேதிக்குள் எல்லையைத் தாண்ட வேண்டும். பெரியவன் போனில் உட்கார்ந்து இந்தப் பக்கத்துக்கு ஒரு பாஸ், அந்தப் பக்கத்துக்கு ஒரு பாஸ் என்று இரண்டும் எடுத்தான். மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் லயத்தோடு புதைந்துபோன வாரம் அது. "மழையில மலைக்குப் போவாதல" என்று அத்தை அழுதார். புனலூருக்கும் மூணாறுக்கும் எவ்வளவு தூரம் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அத்தைக்கு மலை என்றால் ஒரே மலைதான்.

கிளம்புவதற்கு முதல் நாள் 11-ஆம் தேதி. ஆடிச் செவ்வாய்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி என்பார்கள். அந்த மூன்று மாசத்துச் செவ்வாய் ராத்திரிகளில் ஔவை நோன்பு. ஆண்கள் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது, கைக்குழந்தையாக இருந்தாலும் ஆண் என்றால் கூடாது. பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை பிடிப்போம். அதற்கு மேல் இங்கேயும் எழுத மாட்டேன். எப்போதும் மூன்றாவது வீட்டு ஆச்சியிடம் பத்துப் பன்னிரண்டு பேராகக் கூடிச் செய்வோம். எங்கள் வீட்டுக்காரர் மலையாளத்தில் இருப்பார், பையன் தூங்கிக்கொண்டிருப்பான், தொந்தரவே இல்லை. அந்த வருஷம் கூடக் கூடாது, அவரவர் வீட்டில் என்று ஆச்சி சொல்லிவிட்டார். எங்கள் வீடோ ஒரு கூடம், ஒரு அறை, ஒரு பின்னறை. ஆண்கள் இரண்டு பேர். ராத்திரி பத்து மணிக்கு அவர்களை எந்தத் தெருவுக்கு அனுப்ப?

மொட்டைமாடிக்கு அனுப்பினோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை கொஞ்சம் இருக்கிறது. பாய், போர்வை, ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பி. சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. கீழே கதவைத் தாழிட்டு நானும் அத்தையும் சின்னவளும் உட்கார்ந்தோம். சின்னவளுக்கு அது முதல் நோன்பு. அத்தை கதை சொல்லும்போது மேலேயிருந்து பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவும் மகனும் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டினேன். அத்தை என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார், "கதையக் கேளு."

பன்னிரண்டரைக்குக் கதவைத் திறந்து கூப்பிட்டேன். இரண்டு பேரும் பாதி நனைந்திருந்தார்கள். அவர் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார்.

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்ல."

"தேங்காய் வாசம் வருது."

"வராது. படுங்க."

காலையில் போனார். 144 நாள். தடை உத்தரவின் எண்ணே வந்து நிற்கிறது என்று பெரியவன்தான் எண்ணிச் சொன்னான். பையில் இந்தத் தடவை இங்கேயிருந்து அரைக்கிலோ சம்பா அரிசியும் ஒரு பொட்டலம் காந்தாரியும் போனது. பீரோவில் என் உள்பாவாடைகளுக்குத் தனித் தட்டு ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தலை நிறைய எண்ணெயோடு படியில் உட்கார்ந்திருக்கிறேன். மதினி மதிலில். போன் அடித்தது. பதினொரு மணி. பதினேழு வருஷத்தில் அந்த நேரத்துக்கு அவர் கூப்பிட்டதே இல்லை, கடையில் கூட்டம் இருக்கும். இப்போது தனிமை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். எண்ணெய்க் கை என்பதால் முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"எண்ணெய் வச்சாச்சா?" என்றார்.

மதினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ம்."

"சீயக்காய் அந்தச் சின்ன டின்னுல இல்ல, தீந்துபோச்சு. பெரிய டின்ன எடுத்துக் கீழ்த்தட்டுல அரிசி வாளிக்குப் பின்னால வச்சிருக்கேன். அம்மாவுக்கு முதல்ல தேச்சு விடு, தண்ணி ஆறிரும்."